ஆர்கான் வெல்டிங் பற்றவைத்ததும் பிளாஸ்மா டேபிள் நிற்கிறது: எர்த் வயரை வெட்டலாமா?

வாசகர் கேள்வி:

கோவை கணபதியில் வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட் போட்டு எஸ்.எஸ். கைப்பிடி, கேட், கிரில் வேலை செய்கிறோம். 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்கான் மெஷின் இருக்கிறது. அண்மையில் கம்ப்யூட்டர் ஓட்டத் தகடு வெட்டும் ஒரு சிறிய சி.என்.சி. பிளாஸ்மா டேபிள் வாங்கினோம். ஆர்கான் மெஷினில் டார்ச் ஸ்விட்சை அழுத்தினால் போதும், டேபிளை ஓட்டும் கம்ப்யூட்டர் 'யு.எஸ்.பி. துண்டிக்கப்பட்டது' என்று காட்டி நின்றுவிடுகிறது. பாதி வெட்டிய தகடு வீணாகிறது. எடை மெஷினில் எண்கள் ஓடுகின்றன. பக்கத்து வீட்டில் ரேடியோ இரைகிறது என்கிறார்கள். எர்த் கிளாம்பை எப்போதும் ஷெட் மூலையில் உள்ள சி-சேனல் தூணில்தான் மாட்டி வைத்திருப்போம். ஜாப்பை (வெல்டு வைக்கும் பொருளை) வைக்கும் மேஜையும் அந்தத் தூணோடு வெல்டு வைத்ததுதான். மீதிக் கேபிளைச் சுருட்டி மெஷின் மேல் தொங்கவிட்டிருக்கிறோம். எங்கள் எலக்ட்ரீஷியன், "நாய்ஸ் எர்த் வயர் வழியாகத்தான் வருகிறது, மெஷினின் பச்சை வயரை வெட்டிவிடலாம், இல்லையென்றால் டேபிளுக்குத் தனியாக ஒரு எர்த் பைப் அடிக்கலாம்" என்கிறார். இன்னொன்று: அப்பாவுக்குச் சமீபத்தில் பேஸ்மேக்கர் வைத்தோம். பழக்கம் விடாமல் தினமும் ஷெட்டில் வந்து உட்காருகிறார். நடுவில் டேக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு புள்ளி வெல்டு) போடவும் உதவுகிறார். அவருக்கு ஆபத்து உண்டா?

பதில்:

டேபிள் நிற்பது நஷ்டம். அப்பா விஷயம் அப்படியல்ல, அதனால் அதை முதலில் பேசிவிடுகிறேன்.

அப்பா டேக் போடுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவரிடம் பேசிய பிறகு திரும்பத் தொடங்கலாமா என்று பார்க்கலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வெல்டிங் பக்கமே போகக்கூடாது என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. பலரும் கட்டுப்பாடுகளோடு வேலைக்குத் திரும்புகிறார்கள். ஆனால் அந்தக் கட்டுப்பாடு என்ன என்பதை அவருக்குப் பொருத்திய கருவியின் மாடலும், அவருடைய இதயம் அந்தக் கருவியை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதும்தான் தீர்மானிக்கும். மருத்துவமனையில் கொடுத்த அடையாள அட்டையில் கருவியின் பெயரும் மாடல் எண்ணும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய், என்ன மெஷின், எத்தனை ஆம்பியர், எச்.எஃப். ஸ்டார்ட் (தொடாமலே ஆர்க் பிடிக்க மெஷின் அனுப்பும் உயர் அதிர்வெண் மின்சாரம்) உண்டா என்று எழுதிக் காட்டிக் கேளுங்கள். வைத்திருப்பது வெறும் பேஸ்மேக்கரா, இல்லை தேவைப்பட்டால் ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. வகையா என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஐ.சி.டி. என்றால் எச்சரிக்கை இன்னும் ஒரு படி கூட வேண்டும். வெளியிலிருந்து வரும் இரைச்சலை (சத்தம் அல்ல, வேண்டாத மின் சிக்னல்) தாறுமாறான இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, தேவையில்லாத நேரத்தில் அது ஷாக் கொடுத்துவிடலாம்.

பேஸ்மேக்கரில் நடப்பது வேறு. இதயம் தானாகத் துடிக்கிறதா என்று அந்தக் கருவி ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்கும். அது தேடும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். துடிப்பு வந்தால் பேசாமல் இருக்கும், வரவில்லை என்றால் தூண்டிவிடும். வெல்டிங் இரைச்சலைத் துடிப்பு என்று நினைத்துவிட்டால், தூண்ட வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிடும். தலை சுற்றும், மயக்கம்கூட வரலாம். விடாமல் வரும் இரைச்சலை இரைச்சல் என்று கண்டுகொண்டு, ஒரே சீரான வேகத்தில் தூண்டும் நிலைக்கு மாறிக்கொள்ளும்படிதான் பெரும்பாலான கருவிகளைச் செய்திருக்கிறார்கள். சிக்கல் விட்டுவிட்டு வரும் இரைச்சலில்தான். டக், டக், டக் என்று அடுத்தடுத்துப் போடும் டேக் இதயத் துடிப்பைப் போலவே தெரியும். 'டேக்தானே, சின்ன வேலை' என்று அப்பாவிடம் கொடுக்கிறீர்கள். அவருக்குக் கொடுக்கக்கூடாத வேலை அதுதான்.

கருவி நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் வரம்புகளையும் தருகிறேன், மருத்துவரிடம் பேச உதவும். ஆர்க்கும் வெல்டிங் கேபிளும் நெஞ்சில் உள்ள கருவியிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி, தள்ளி இருக்க வேண்டும். மெஷின் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கரண்டுக்குச் சிலர் 130 ஆம்பியர் வரை என்கிறார்கள், சிலர் 160 வரை. ஆர்க் பிடிக்காவிட்டால் உடனே மறுபடி தட்டாமல் சில நொடி விட்டுத்தான் தொடங்க வேண்டும். தனியாக வேலை செய்யக்கூடாது. தலை லேசாகக் கிறுகிறுத்தாலே டார்ச்சை வைத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும். விலகியதும் கருவி பொதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அடுத்த செக்கப்பில் கருவியின் பதிவைப் பார்க்கும்போது, இரைச்சல் பிடித்த நிகழ்வு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அது தெரிந்தால் உங்கள் ஷெட் அவருக்குப் பாதுகாப்பானதா என்று ஊகிக்க வேண்டியதில்லை.

அதுவரை அவர் ஷெட் வாசலில், மெஷினிலிருந்தும் கேபிளிலிருந்தும் சில மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்காரட்டும். ஜாப் மேஜையிலோ அந்தத் தூணிலோ கை வைக்க வேண்டாம். தூணை ஏன் சொல்கிறேன் என்பது அடுத்து வருகிறது. உங்கள் ஷெட்டின் மற்றத் தொல்லைகளுக்கும் அந்தத் தூண்தான் பெரிய காரணம்.

நம் பட்டறைகளில் இரண்டு வேறு வேறு வயர்களை 'எர்த்' என்கிறோம். ஒன்று, ஜாப்பிலிருந்து மெஷினுக்குத் திரும்பும் கனமான கறுப்புக் கேபிள். இன்னொன்று, லைன் கேபிளில் வரும் பச்சை வயர். முதலாவதை இனி ரிட்டர்ன் கேபிள் என்றே எழுதுகிறேன். வெல்டிங் கரண்ட் மண்ணுக்குள் போவதில்லை. டார்ச் வழியாகக் கிளம்பிய 150 ஆம்பியரும் ஒன்று குறையாமல் மெஷினின் இன்னொரு முனைக்குத் திரும்பியாக வேண்டும். எந்த வழியாகத் திரும்புகிறது என்பதுதான் கேள்வி.

உங்கள் ஷெட்டில் அது ஜாப், மேஜை, மேஜையைத் தூணோடு சேர்த்த வெல்டு, தூண், தூணில் மாட்டிய கிளாம்ப், அங்கிருந்து மெஷின் என்று சுற்றிவருகிறது. டார்ச் கேபிள் ஒரு பக்கம் போகிறது, ரிட்டர்ன் இன்னொரு பக்கம் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் ஷெட்டின் பாதி இருக்கிறது. போகும் கரண்டும் வரும் கரண்டும் இப்படி ஒரு பெரிய வளையம் போட்டால், அந்த வளையம் முழுவதும் காந்தப்புலம் நிற்கும். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வயரிலும் ஒவ்வொரு ஸ்பார்க்கின்போதும் கொஞ்சம் மின்னழுத்தம் ஏறும். உங்கள் பிளாஸ்மா டேபிளின் யு.எஸ்.பி. கேபிள், மோட்டார் கேபிள், எடை மெஷின் கேபிள் எல்லாம் அந்த வளையத்துக்குள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு வித்தியாசம் என்று புரியும். 200 ஆம்பியர் ஓடும் தனிக் கேபிளிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி 400 மைக்ரோ டெஸ்லா காந்தப்புலம் இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி 40. நம் ஊரில் பூமியின் காந்தப்புலமும் ஏறக்குறைய அந்த 40தான், ஆனால் பூமியினுடையது அசையாமல் நிற்கும், உங்களுடையது குதித்துக்கொண்டே இருக்கும். இப்போது அதே டார்ச் கேபிளையும் ரிட்டர்ன் கேபிளையும் ஒட்டவைத்து, மையத்துக்கு மையம் 4 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டுங்கள். ஒரு கேபிளின் புலத்தை இன்னொன்று அடித்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி 1.6 மைக்ரோ டெஸ்லாதான் மிஞ்சும். இருபத்தைந்தில் ஒரு பங்கு! இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது பத்துப் பன்னிரண்டு கேபிள் டை வாங்குவது மட்டும்.

தோளில் கேபிளைப் போட்டுக்கொண்டு வெல்டு வைப்பவர்களுக்கும் இதே கணக்கில் ஒரு செய்தி இருக்கிறது. 200 ஆம்பியர் கேபிள் நெஞ்சில் உள்ள கருவியிலிருந்து 4 சென்டிமீட்டரில் இருந்தால் அங்கே ஒரு மில்லி டெஸ்லா. மருத்துவமனையில் பேஸ்மேக்கர் மேல் காந்தத்தை வைத்து அதன் இயக்கத்தை மாற்றுகிறார்களே, அந்த மாற்றத்துக்கு ஏறக்குறைய இந்த அளவு போதும். பேஸ்மேக்கர் இல்லாதவர்களும் கேபிளை உடம்பில் சுற்றிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. டார்ச் கேபிள் ஒரு பக்கம், ரிட்டர்ன் கேபிள் மறுபக்கம் என்று நடுவில் நிற்காதீர்கள், இரண்டும் உங்களுக்கு ஒரே பக்கத்தில் ஓடட்டும்.

ஆகவே முதல் வேலை: மெஷினை ஆஃப் செய்து, கிளாம்பைத் தூணிலிருந்து கழற்றி ஜாப்பிலேயே மாட்டுங்கள். வெல்டு வைக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மாட்டும் இடத்தில் பெயிண்டும் துருவும் இருந்தால் கிரைண்டரால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுங்கள். எஸ்.எஸ். ஜாப்பில் கீறல் விழும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு செப்புப் பட்டையை நடுவில் வைத்துக் கிளாம்ப் செய்கிறார்கள், அதுவும் சரிதான். ரிட்டர்ன் கேபிளை டார்ச் கேபிளோடு சேர்த்து, ஓரடிக்கு ஒரு டை போட்டுக் கட்டுங்கள். ஜாப் பக்கம் கடைசி ஒரு மீட்டர் மட்டும் பிரிந்திருந்தால் கை வேலைக்கு வசதி. கேபிள் தரையோடு தரையாகக் கிடக்கட்டும்.

மெஷின் மேல் சுருட்டித் தொங்கவிட்டிருக்கும் மீதிக் கேபிள் இருக்கிறதே, அது ஒரு காயில். பத்துச் சுற்று என்றால் அதன் அருகே காந்தப்புலமும் அந்த அளவுக்குப் பெருகும். அதை இறக்குங்கள். தேவையில்லாத நீளத்தை வெட்டி, முனையில் நல்ல லக் (கேபிளை மாட்டும் உலோக முனை) அடித்து, இறுக்கமாக மாட்டிவிடுங்கள். எச்.எஃப். போடும் மெஷினில் டார்ச், ரிட்டர்ன் இரண்டும் 25 அடிக்குள் இருப்பது நல்லது. வெட்ட மனமில்லை என்றால் சுருட்டாமல், இரண்டு கேபிளையும் ஒட்டியபடியே நீளவாக்கில் போய்த் திரும்பும்படி தரையில் போட்டு வையுங்கள்.

தூணில் கிளாம்ப் மாட்டுவதன் ஆபத்து இரைச்சலோடு முடிவதில்லை. ஒரு பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரும்பு உடம்புள்ள பழைய மூன்று வயர் கிரைண்டர், ஜாப் மேல் கிடத்தி வைத்திருந்தார்கள், பிளக் போர்டில் செருகியபடி. கிளாம்ப் தூணில். மேஜைக்கும் தூணுக்கும் நடுவில் இருந்த போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. வெல்டிங் கரண்டுக்கு மேஜை வழி அடைபட்டதும் அது வேறு வழி தேடிக்கொண்டது: ஜாப், கிரைண்டரின் உடம்பு, அதன் பச்சை வயர், பிளக், போர்டு, ஷெட்டின் எர்த் வயர், தூண், கிளாம்ப். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய வயரில் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடினால் என்ன ஆகும்? கிரைண்டர் கேபிள் நெடுக ரப்பர் உப்பிக் கருகியிருந்தது. எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழவில்லை. விழவும் விழாது, ஏனென்றால் அந்தக் கரண்ட் லைனிலிருந்து வந்ததல்ல. மிக மோசம் என்னவென்றால், அதற்குப் பிறகு அந்த கிரைண்டருக்கு எர்த் இல்லை, அது யாருக்கும் தெரியவும் இல்லை. உங்கள் போர்டில் உள்ள எர்த் இணைப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள். பச்சை வயரின் உறை நிறம் மாறியிருந்தால் இதே கதை உங்கள் ஷெட்டிலும் நடந்திருக்கிறது.

இனி எலக்ட்ரீஷியன் சொன்ன யோசனைக்கு வருகிறேன். பச்சை வயரை வெட்டவே கூடாது. உள்ளே ஏதாவது ஒரு லைன் வயர் உரிந்து பாடியில் பட்டால், அந்த வயர்தான் எம்.சி.பி.யை விழவைத்து உயிரைக் காக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த காரணம். இன்னொரு காரணம், வெட்டினால் இரைச்சல் கூடத்தான் செய்யும். இன்வெர்ட்டர் மெஷினுக்குள் கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறார்கள். அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் லைனுக்குள் போகாமல் தடுக்க, நல்ல மெஷின்களில் வாசலிலேயே ஒரு ஃபில்டர் இருக்கும். அந்த ஃபில்டர் இரைச்சலைச் சிறு கண்டென்சர்கள் வழியாகப் பாடிக்கும் பச்சை வயருக்கும் தள்ளிவிடுகிறது. வயரை வெட்டிவிட்டால் அதற்குத் தள்ள இடமில்லை. இரைச்சல் லைனிலேயே திரும்பிப் போகும். கூடவே பாடி, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மிதந்து, ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். டெஸ்டர் வைத்தால் எரியும், தொட்டால் சுரீர் என்று இழுக்கும். பல பட்டறைகளில் 'இந்த மெஷின் கொஞ்சம் ஷாக் அடிக்கும், பழகிக்கோ' என்று புதுப் பையன்களிடம் சொல்வார்கள். பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல அது. அந்த மெஷினுக்கு எர்த் வரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

டேபிளுக்குத் தனி எர்த் பைப் என்ற யோசனையில் பாதி சரி. டேபிள் பக்கத்தில் ஒரு எர்த் ராடு இருப்பது நல்லதுதான், பிளாஸ்மா மெஷின் செய்பவர்களே அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் அது ஷெட்டின் மெயின் எர்த்தோடு கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். தனியாக விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அந்த ராடுக்கு மண்ணில் 5 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம், அதுவே நல்ல அளவுதான். டேபிளின் பாடியில் பேஸ் பட்டால் 230 வோல்ட்டுக்கு 46 ஆம்பியர்தான் ஓடும். 63 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால் அது விழாது. டேபிள் முழுக்க கரண்ட் நிற்கும். மெயின் எர்த்தோடு வயர் போட்டு இணைத்திருந்தால் இந்த நிலை வராது. ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாவிட்டால் ஒன்று போட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். 50 ஹெர்ட்ஸில் நல்ல எர்த்தாக இருக்கும் வயர், எச்.எஃப். வேகத்தில் எர்த்தே அல்ல. 10 மீட்டர் பச்சை வயருக்கு ஏறக்குறைய 10 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கும். 20 லட்சம் ஹெர்ட்ஸில் அது 125 ஓம் தடையாகிவிடுகிறது. அதனால்தான் எத்தனை பைப் அடித்தும் 'நாய்ஸ் போகவில்லை' என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். எச்.எஃப்.-க்கு வேண்டியது குட்டையான, அகலமான இணைப்பு: டேபிள் சட்டம், கண்ட்ரோல் பெட்டி, பிளாஸ்மா பவர் சோர்ஸின் பாடி மூன்றையும் ஒன்றோடொன்று தட்டையான செப்புப் பின்னல் பட்டையால், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக இணையுங்கள். பெயிண்டைச் சுரண்டிவிட்டு போல்ட் போடுங்கள்.

எச்.எஃப். என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது: 'ஸ்விட்சை அழுத்தினால் போதும்' நிற்கிறது என்கிறீர்கள். ஆர்க் முழுதாக எரியும் முன்பே நிற்கிறது என்றால் குற்றவாளி எச்.எஃப். ஸ்டார்ட்தான். டார்ச் முனையில் உள்ள டங்ஸ்டன் கம்பியை ஜாப்பில் தொடாமலே ஆர்க் பிடிக்க, மெஷின் சில ஆயிரம் வோல்ட்டை லட்சக்கணக்கான ஹெர்ட்ஸ் வேகத்தில் டார்ச்சுக்குள் அனுப்புகிறது. அந்த ஒரு நொடியில் உங்கள் டார்ச் கேபிள் ஏரியல் ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்பதும் அதுதான். சுற்றிலும் 15 மீட்டருக்குள் எர்த் ஆகாமல் தொங்கும் நீளமான கம்பி, தகரம், பழைய வயர் எல்லாம் அதை வாங்கித் திரும்ப வீசும்.

இதற்கு மிக எளிய மருந்து உங்கள் மெஷினிலேயே இருக்கக்கூடும். முன்பக்கம் எச்.எஃப். / லிஃப்ட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். லிஃப்டில் போட்டால் டங்ஸ்டனை ஜாப்பில் மெதுவாகத் தொட்டு எடுத்து ஆர்க் பிடிக்க வேண்டும். எச்.எஃப். வேலையே செய்யாது. தொடும்போது கரண்டை மெஷின் மிகக் குறைவாக வைத்திருப்பதால், கை பழகிவிட்டால் டங்ஸ்டன் ஒட்டாது. எஸ்.எஸ். கைப்பிடி, கேட் வேலைக்கு லிஃப்ட் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. அலுமினிய ஏ.சி. வெல்டிங்குக்கு எச்.எஃப். வேண்டும். அந்த வேலை வரும் நாளில் பிளாஸ்மா டேபிளை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், அப்பாவும் அன்று வீட்டுக்குள் இருக்கட்டும். எச்.எஃப். ஓட்டும்போது மெஷினின் கவர் எல்லா ஸ்குரூவோடும் மூடியிருக்க வேண்டும். சூடாகிறது என்று பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து ஓட்டுவது ஆபத்து, இரைச்சலையும் வெளியே விடும். டார்ச் கேபிளின் ரப்பரில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். எச்.எஃப். அந்த வெடிப்பு வழியாகத் தோலைச் சுடும்.

பிளாஸ்மா டேபிளிலேயே உள்ள பலவீனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யு.எஸ்.பி. வெல்டிங் ஷெட்டுக்கு ஏற்ற இணைப்பு அல்ல. ஒரு நொடி தடுமாறினாலும் துண்டித்துக்கொள்ளும், அதுவாக மீளாது. ஈதர்நெட்டில் ஓடும் கண்ட்ரோலர் கார்டு கிடைத்தால் மாற்றுங்கள். அதன் ஒவ்வொரு ஜோடி வயருக்கும் உள்ளே ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கம்ப்யூட்டருக்கும் டேபிளுக்கும் நேரடி மின் தொடர்பு இல்லை. மாற்றும் வரை, குட்டையான நல்ல யு.எஸ்.பி. கேபிளும் இரண்டு முனையிலும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையமும் போட்டுப் பாருங்கள். மோட்டார் கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். அந்த ஷீல்டை ஒரு நீள வயராக முறுக்கி ஸ்குரூவில் கட்டினால் பாதிப் பயன் போய்விடும், சுற்றிலும் பிடிக்கும் உலோகக் கிளாம்பில் பாடியோடு அழுத்திப் பிடிக்கச் செய்யுங்கள். வெல்டிங் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே வழியில் ஓடக்கூடாது. குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். வெல்டிங் மெஷினுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள், கம்ப்யூட்டரும் அதுவும் ஒரே போர்டில் வேண்டாம்.

எடை மெஷினில் எண்கள் ஓடுவதில் ஆச்சரியம் இல்லை. 100 கிலோ பிடிக்கும் சாதாரண லோட் செல்லில் (எடையை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) 10 கிராமுக்கு வரும் சிக்னல் ஒரு மைக்ரோ வோல்ட் அளவுதான். வெல்டிங் நடக்கும்போது எடை போடாதீர்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு போதும் எடை மெஷின் தட்டின் மேல் ஜாப்பை வைத்துக்கொண்டு டேக் போடாதீர்கள். கிளாம்ப் வேறு எங்கேயோ இருந்தால் வெல்டிங் கரண்ட் லோட் செல் வழியாகவே திரும்பும், செல் போய்விடும். எடை மேடையில் வெல்டு வைக்க நேர்ந்தால் லோட் செல் கேபிள்களைக் கழற்றிவிட்டு, கிளாம்பை வெல்டு பக்கத்திலேயே மாட்ட வேண்டும். லாரி, கார் வேலை வந்தாலும் இதே விதி: பேட்டரியைக் கழற்றுங்கள், தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் எஞ்சின் கண்ட்ரோல் யூனிட்டின் கனெக்டரையும் கழற்றுங்கள், கிளாம்பை வெல்டுக்கு ஒட்டி மாட்டுங்கள்.

பக்கத்து வீட்டாரை ஒதுக்கிவிடாதீர்கள். ஆர்க் வெல்டிங் கருவிகளின் மின்காந்த இடையூறுக்கு ஐ.இ.சி. 60974-10 என்ற சர்வதேசத் தரநிர்ணயம் இருக்கிறது. பட்டறை மெஷின்கள் பெரும்பாலும் அதில் 'ஏ' வகுப்பு. வீடுகளுக்குப் போகும் பொது லைனில் மாட்டிப் பயன்படுத்த அவை உத்தேசிக்கப்படவில்லை, மற்றவர்களுக்குத் தொந்தரவு வந்தால் அதைச் சரிசெய்வது பயன்படுத்துபவர் பொறுப்பு என்று மெஷினோடு வரும் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். உங்கள் ஷெட் வீட்டுக்குப் பின்னால், வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. லிஃப்டுக்கு மாறி, கேபிளைக் கட்டிய பிறகு ரேடியோ இரைச்சல் நின்றதா என்று நீங்களே போய்க் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. கிளாம்பும் கேபிளும் முதலில். அதை முடித்ததும், டேபிளில் டார்ச்சைப் பற்றவைக்காமல் வெறுமனே ஒரு டிசைனை ஓடவிட்டு மூன்று சோதனை செய்யுங்கள். ஒன்று, ஆர்கான் மெஷினை ஆன் செய்து வெல்டு வைக்காமல் விடுங்கள். அப்போதே டேபிள் தடுமாறினால் இரைச்சல் லைன் வழியாக வருகிறது, தனி லைனும் எர்த் சோதனையும்தான் வழி. இரண்டு, லிஃப்டில் ஆர்க் பிடித்து ஒரு நிமிடம் வெல்டு வையுங்கள். ஆர்க் எரியும்போது நின்றால் கேபிள் வளையம் இன்னும் சரியாகவில்லை. மூன்று, எச்.எஃப்.-இல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் நொடியில் மட்டும் நின்றால் எச்.எஃப்.தான், லிஃப்டிலேயே இருந்துவிடுங்கள், யு.எஸ்.பி.யை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். மூன்றாவது சோதனையின்போது அப்பா ஷெட்டில் இருக்க வேண்டாம்.

இதற்குப் பிறகும் நின்றால், மெஷினின் பெயர்ப் பலகை, கிளாம்ப் மாட்டிய இடம், கண்ட்ரோல் பெட்டியின் உள்பக்கம் மூன்றையும் படமெடுத்து, எந்தச் சோதனையில் நின்றது என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.